பஸ் நம்பர் எழுதும் பெண்

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு. வீட்டுப்பாடம்கூட டேப்லெட்டில்தான். இப்போதே கோடிங் வகுப்பில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்கிறார்கள். இவளோ எந்நேரமும் நோட்டில் பஸ் நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஏஐ வேறு பயமுறுத்துகிறது. தமிழ் வழியில் சேர்க்காதது தவறோ? எதிர்காலத்துக்கு இவளை எப்படித் தயார் செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஏஐ பற்றி எனக்கு ஜோசியம் தெரியாது. தமிழ்வழி பற்றி எழுதி ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

1986 பிளஸ் டூ லீவில் அப்பா என்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்தார். வெற்றிலையை நிறுத்தி ஃபீஸ் கட்டினார். “டைப்பிங்ல லோயர், ஹையர் ரெண்டு பரீட்சையும் முடிச்சிட்டா கவலையில்லடா.” ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று ஒரு மாதம். இடது சுண்டுவிரலுக்கு வலுவே கிடையாது. ‘ஏ’ மட்டும் பேப்பரில் மங்கலாக விழும். கீழே குனிந்து பார்த்தால் மாஸ்டரின் ஸ்கேல் விரல் முட்டியில் இறங்கும். லோயர் பாஸ். பத்து வருஷத்தில் அந்த மெஷின்களெல்லாம் மாடிப்படிக்கடியில் கிடந்தன. அப்பா மேல் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த எதிர்காலம் அவ்வளவுதான்.

1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. அதையொட்டிக் கணினியில் தமிழ் அடிக்கத் ‘தமிழ்99’ விசைப்பலகை வந்தது. உயிரெழுத்து இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். பழகிய விரல்களுக்கு எல்லாமே புதுசு. முப்பது வயதில், மாஸ்டர் இல்லாமல், பத்தே நாளில் கற்றேன். ‘ம’வை இரண்டு தரம் தட்டினால் முதல் ‘ம’ தானாகவே புள்ளி வைத்துக்கொள்ளும். அதைப் பார்த்த ராத்திரி ‘அம்மா அம்மா’ என்று ஒரு பக்கம் அடித்தேன். எழுத ஒரு கதை கைவசம் இருந்தது, அதனால் விரல் வளைந்தது. கதை இல்லாதவனுக்கு எந்தக் கோர்ஸும் ஸ்கேல் அடிதான்.

உங்கள் கடிதம் நாலு பக்கம், இங்கே சுருக்கியிருக்கிறேன். கட்டணம், தவணை, பக்கத்து ஃபிளாட் பையன் வாங்கிய சர்டிஃபிகேட், எல்லாம் இருக்கிறது. பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் புகார்! அந்த நோட்டை ஒரு தடவையாவது வாங்கிப் பார்த்தீர்களா? கோடிங்கில் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் பாடு.

29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிறது என்பது எனக்குத் தெரியும். நடுவில் எத்தனை ஸ்டாப்பிங் என்று உங்கள் மகளைக் கேட்டு எழுதுங்கள்.