கேளுங்க சிஸ்டர்: புண், எதிர்ப்புச் சக்தி, மனசு

(பதில் சொல்பவர் அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சை வார்டிலும், பிறகு நர்சிங் பள்ளியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தர்மபுரியில் வசிக்கிறார்.)

வாசகி, பாலக்கோடு: கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறோம். முட்டை, மீன், கத்திரிக்காய் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று மாமியார் வெறும் ரசம் சாதமே கொடுக்கிறார். இந்தப் பத்தியம் தேவையா?

தேவையே இல்லை. சீழ் வருவது கிருமியால், முட்டையால் இல்லை. தையல் போட்ட இடத்தில் புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். அந்தச் சதையை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். ரசம் சாதத்தில் இரண்டும் பேருக்குத்தான் இருக்கும். களி கிண்டுங்கள், கொள்ளுக் கடைசல் ஊற்றுங்கள், தினம் ஒரு முட்டை கொடுங்கள். கூடவே ஒரு நெல்லிக்காய். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர்க்காரர்கள் நாம், அதற்கு மாமியார் மறுப்புச் சொல்ல மாட்டார். நிஜமான பத்தியம் பீடிக்குத்தான். ரத்தக்குழாயைச் சுருக்கிப் புண்ணுக்குப் போகிற ரத்தத்தைக் குறைப்பது அது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்: வயது 41. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு ஆபரேஷன், செய்தார்கள். மற்ற துளைகள் ஆறிவிட்டன. தொப்புள் துளை மட்டும் நன்றாக ஆறி, ஒரு மாதம் கழித்து மறுபடி உடைந்து தண்ணீர் மாதிரி கசிகிறது. காய்ச்சல் இல்லை, சர்க்கரையும் இல்லை. மாமியாருக்கு ஞாபக மறதி நோய், ராத்திரி எழுந்து கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுகிறார். பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். "நீ கவலைப்பட்டுக்கிட்டே இருந்தா புண்ணு எப்படி ஆறும்?" என்கிறார் நாத்தனார். மனசுக்கும் புண்ணுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு கண்ணு. ஆனால் உங்கள் தொப்புளுக்கு அது பதில் இல்லை.

முதலில் நாத்தனார் சொன்ன விஷயம். அமெரிக்காவின் ஓஹையோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளர் 1995-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர். அதே வயதும் வருமானமும் உள்ள, அந்தப் பாரம் இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோருக்கும் முன்கையில் மூன்றரை மில்லிமீட்டரில் சின்னதாக ஒரு புண் செய்து, ஆறும்வரை கவனித்தார்கள். எப்படிக் கவனித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. வார்டில் நாங்கள் தினமும் ஊற்றுகிற ஹைட்ரஜன் பெராக்சைடையே ஊற்றிப் பார்த்தார்கள். நுரைத்தால் இன்னும் ஆறவில்லை, நுரைக்காவிட்டால் ஆறிவிட்டது. பாரம் இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறியது. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 48.7 நாள் ஆனது. அதே குழுவினர் 1998-ல் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேருக்கு மேலண்ணத்தில் இதைச் செய்தார்கள். கோடை விடுமுறையில் ஒரு முறை, பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் ஒரு முறை. பரீட்சை நேரத்துப் புண் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் பிடித்தது.

காரணம் மாயம் இல்லை. புண் ஆறுவதற்கு முதல் வேலை வீக்கம். வெள்ளை அணுக்கள் அங்கே வந்து சேர்ந்து, இன்டர்லூக்கின் போன்ற ரசாயனங்களைச் சுரந்து, குப்பையை அள்ள வேண்டும். ஓயாத கவலையில் கூடும் கார்டிசால் இந்த முதல் வேலையையே மந்தமாக்குகிறது. கவனியுங்கள், சின்னக் கூட்டத்தில் செய்த ஆய்வுகள் இவை. புண் தாமதமாக ஆறியது என்றுதான் சொல்கின்றன. ஆறிய புண் கவலையால் உடைந்தது என்று எங்கும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் விஷயம். லேப்ராஸ்கோபி துளை நன்றாக ஆறி, சில வாரம் கழித்து உடைந்து, காய்ச்சல் இல்லாமல் தண்ணீராகக் கசிந்தால், காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு வகைக் கிருமியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குழாய்த் தண்ணீரிலேயே வாழ்வது அது. கருவிகளைக் கிருமிநாசினியில் ஊறப்போட்டு எடுப்பதால் மட்டும் சாகாது. சாதாரண ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள் சாப்பிட்டால் கேட்காது, தினம் டிரெஸ்ஸிங் மாற்றினாலும் கேட்காது. மைக்கோபாக்டீரியா என்பது அந்தக் கிருமிக் குடும்பத்தின் பெயர். கசிவை எடுத்து மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லி உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள். அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். அதுதான் என்று தெரிந்தால் மாதக்கணக்கில் சரியான மருந்து, சில நேரம் கசிகிற பாதையை வெட்டி எடுப்பது. குணமாகும். உள்ளே தங்கிய தையல் நூலோ கல்லோகூடக் காரணமாக இருக்கலாம், ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம். "எல்லாம் மனசுதாம்மா" என்று யாராவது அனுப்பி வைத்தால் எழுந்து வராதீர்கள்.

தொப்புள் சரியானாலும் ராத்திரித் தூக்கம் பாக்கி இருக்கிறது. நாத்தனாருக்கு இவ்வளவு அக்கறை இருக்கும்போது வாரத்தில் இரண்டு ராத்திரி அவரே வந்து படுத்துக்கொள்ளலாமே? கேட்டுவிடுங்கள், நான் சொன்னதாகவே கேளுங்கள். கதவின் தாழ்ப்பாளைக் கண்ணில் படாத உயரத்தில் மேலே மாற்றுங்கள். பூட்டிவிட்டு வீட்டில் தனியாக மட்டும் விடாதீர்கள். மாமியாரை ஒரு முறை மனநலப் பிரிவில் காட்டுங்கள், ராத்திரி அலைச்சலைக் குறைக்க வழி இருக்கிறது. அப்படியே உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள்.

வாசகர், ஊத்தங்கரை: அம்மா ஆபரேஷனுக்குப் பிறகு ஜன்னலோரக் கட்டில்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார். ஏதாவது பலன் இருக்கிறதா?

இருக்கிறது என்று 1984-லேயே ராஜர் உல்ரிச் என்பவர் எழுதினார். பென்சில்வேனியாவில் பித்தப்பை எடுத்த 46 பேரின் பழைய கேஸ் ஷீட்டுகளைப் பார்த்தார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள். செங்கல் சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாளில். மரம் தெரிந்தவர்கள் பலமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டிருந்தார்கள். கட்டில் காலியாக இருந்தால் வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். வெளியே தெரிவது பைக் ஸ்டாண்டு என்றால் நான் பொறுப்பில்லை.

வாசகர், நல்லம்பள்ளி: தொப்பூர் கணவாயில் பைக்கில் வந்த தம்பி மேல் லாரி மோதி, மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். வயது 24. "இனி உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இருக்காது, பெண் யார் கொடுப்பார்கள்" என்று ஊரில் பேசுகிறார்கள். தம்பி வண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறான், தூங்குவதில்லை. இதற்கும் மண்ணீரலுக்கும் சம்பந்தமா?

மண்ணீரல் இல்லாமல் வேலை பார்க்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். எதிர்ப்புச் சக்தி ஒரே உறுப்பில் இல்லை. எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்கள், கல்லீரல் எல்லாம் இருக்கின்றன. குறைவது ஒரு குறிப்பிட்ட காவல். மேலே உறை போர்த்திய சில பாக்டீரியாக்களை, முக்கியமாக நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸை, ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல். இது பெரிதாகத் தெரிய வந்தது 1952-ல். மண்ணீரல் எடுத்த குழந்தைகளுக்குக் கடும் தொற்று வந்ததை கிங், ஷூமாக்கர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் ஊசிகளும், அடிபட்டாலும் முடிந்தவரை மண்ணீரலைக் காப்பாற்றும் பழக்கமும் வந்தன. தம்பிக்கு ரத்தம் நிற்காமல் போயிருக்கும், எடுத்தது உயிரைக் காக்க.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்று மூன்று தடுப்பூசிகள் எழுதியிருக்கிறதா? அவசர ஆபரேஷன் என்றால் பொதுவாக 14 நாள் கழித்துப் போடுவார்கள். அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவதால் பலருக்கு விட்டுப்போகிறது. போடவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள். வருடா வருடம் ஃப்ளூ ஊசியும் நல்லது. குளிரோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டு "காலையில பாக்கலாம்" என்பது அவனுக்குக் கிடையாது. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய், "எனக்கு மண்ணீரல் இல்லை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு சீட்டில் எழுதி பர்சில் வைக்கச் சொல்லுங்கள். நாய் கடித்தால் ரேபிஸ் ஊசியோடு நிற்காமல் ஆன்டிபயாட்டிக்கும் கேட்க வேண்டும்.

நடுக்கம் மண்ணீரலால் இல்லை, விபத்தால். முதல் சில வாரம் கெட்ட கனவும் திடுக்கிடலும் பலருக்கு வந்து தானே அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும். எலும்பு சேரவில்லை என்றால் விடுவோமா? கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிப்பது உங்கள் விருப்பம், நான் தடுக்க மாட்டேன். வருகிற வழியில் மனநல மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். "ஆம்பளப் புள்ள பயப்படலாமா" என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

பெயர் வேண்டாம், ஓசூர்: என் சிறுநீரகத்தைக் கணவருக்குக் கொடுத்து இரண்டு மாதம். இப்போது எரிந்து விழுகிறார், விடிய விடிய முழிக்கிறார், கை நடுங்குகிறது. "இதுக்கா குடுத்தேன்" என்று ஆகிவிட்டது. தெம்பு வரட்டும் என்று மாமியார் சீந்தில் கஷாயம் தருகிறார்.

கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். அவருடைய எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கத்தான் அத்தனை மாத்திரைகள். அதைத் தூண்டிவிடும் என்று விற்கிற எதுவும் அவருக்கு ஆகாது. உங்கள் சிறுநீரகத்தை அந்நியன் என்று உடம்பு துரத்த ஆரம்பிக்கும். சீந்திலால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் முர்ரே முதன்முதலில் வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றியபோது மாத்திரையே தேவைப்படவில்லை, கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். புருஷன் பெண்டாட்டிக்கு அந்த வசதி இல்லை.

அவருடைய கோபத்தில் பெரும்பங்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையுடையதாக இருக்கலாம். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கிளப்பும். கை நடுக்கம், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் என்ற மாத்திரை செய்வது. ஸ்டீராய்டை எந்த வேளையில் சாப்பிடுகிறார் என்று பாருங்கள், காலை வேளைதான் வழக்கம். நீங்களாக ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்காதீர்கள். சிறுநீரகப் பிரிவு ஓ.பி.யில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்கிற அதே மூச்சில் "தூக்கமில்லை, கோபம்" என்றும் சொல்லுங்கள். அவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொடுத்தவரான உங்களுக்கும் செக்கப் உண்டு, அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர், தளி: வீடு வீடாகப் பி.பி., சுகர் மாத்திரை கொண்டுபோகிறேன். பிளஸ் டூ படிப்புதான். ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் மனசு விட்டு அழுகிறார்கள். என்னால் என்ன செய்ய முடியும்?

2021 ஆகஸ்ட் 5-ல் இந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆகவே உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

படிப்பு தடையில்லை. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் ஊர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். 573 பேரை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2016-ல் வந்தது. ஆறு மாதம் கழித்து, பாட்டிகளிடம் பேசியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களையே ஆலோசகர்களாக்கினார்கள். 2010-ல் வந்த முடிவில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நல்ல பலன் தெரிந்தது. தனியார் கிளினிக்குகளில் வித்தியாசம் தெரியவில்லை. இது எனக்குப் பெருமையான செய்தி!

நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு கேள்வி. "ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமில்லாம இருக்குதா? மனசு சோர்ந்து, விரக்தியா இருக்குதா?" பாதி நாளுக்கு மேல் ஆமாம் என்றால் உங்கள் சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்றும் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விட்டு வராதீர்கள். தக்காளித் தோட்டத்துப் பூச்சி மருந்து வீட்டுக்குள் இருந்தால் வேறிடத்தில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் சில ஊர்களில் மருந்து டப்பாக்களை ஊர்ப் பொது லாக்கரில் வைத்துப் பார்த்த ஆய்வே உண்டு.

அழுகிறவரிடம் "அழாதீங்க" என்று சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். புண்ணையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், சிலர் அழுவது வலியால்தான். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, சீட்டில் எழுதிக் கொடுங்கள். ராத்திரியும் எடுப்பார்கள், காசு கிடையாது. தளிப் பக்கத்து வீடுகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசலாம்.