நீளக் குழல்தான் குறி தவறாதா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் எந்த ரைபிள் என்று முடிவு செய்ய வேண்டும். .22 ரிம்ஃபயரில் (ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும் வகை) இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் குழல் 16 அங்குலம், மற்றதன் குழல் 24. "நீளக் குழல்தான் வேகம், நீளக் குழல்தான் குறி" என்கிறார் சங்கத்து அண்ணன் ஒருவர். 50 மீட்டர் இலக்கு அட்டைக்கு எதை எடுக்கலாம்?

பதில்: அண்ணன் சொல்வது ஊதுகுழலுக்குப் பொருந்தும். லாசா சாலையில் உள்ளே போனால் தெமியார் பழங்குடி மக்களிடம் பார்த்திருப்பீர்கள், ஆள் உயரத்தைத் தாண்டும் மூங்கில் குழல். ஊதுகிறவரின் மூச்சு ஒரே சீராகத் தள்ளுகிறது. அம்பு எவ்வளவு தூரம் குழலுக்குள் ஓடுகிறதோ அவ்வளவு நேரமும் உந்துதல் கிடைக்கிறது. அங்கே நீளம்தான் வேகம்.

உங்கள் தோட்டாவின் கதை வேறு. அதில் இருப்பது ஏறத்தாழ 0.1 கிராம் வெடிமருந்து, ஒரு சிட்டிகைகூட இல்லை. ஊசி விளிம்பில் அடித்ததும் அது எரிந்து, குண்டு சில அங்குலம் நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். 16 அங்குலக் குழலின் உட்புறம் முழுவதும் சேர்த்து 10 மில்லிதான், இரண்டு தேக்கரண்டி. அந்த இடத்தை நிரப்புவதற்குள்ளேயே வாயுவின் தெம்பு பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் ஈயத்துக்கும் எஃகுக்கும் நடக்கும் உராய்வு, மிச்ச அழுத்தத்தோடு மல்லுக்கு நிற்கிறது. சாதாரண தோட்டாவில் 16 முதல் 19 அங்குலத்துக்குள் வேகம் உச்சத்தை எட்டிவிடும். 24க்குப் போனால் வினாடிக்குச் சில மீட்டர் கூடலாம், கூடாமலும் போகலாம், சற்றே குறையவும் செய்யலாம். மருந்து அதிகமுள்ள .22 மேக்னமாக இருந்தால் நீளத்துக்கு மதிப்பு உண்டு. நீங்கள் கேட்டது அதுவல்ல.

அப்படியே கூடினாலும், அந்த வேகம் உங்களுக்கு எதற்கு? போட்டித் தோட்டாக்களை வேண்டுமென்றே வினாடிக்கு 320, 330 மீட்டர் வேகத்தில்தான் செய்கிறார்கள். நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. அதைத் தாண்டிப் புறப்படும் அதிவேகத் தோட்டா, 50 மீட்டரை ஒட்டி மறுபடி ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது சற்று ஆட்டம் காணும். ஒலிக்குக் கீழேயே புறப்பட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அட்டையில் புள்ளி சேர்ப்பது வேகத்தின் அளவல்ல, அதன் ஒழுங்கு. இரண்டு குண்டுகளுக்கிடையே வினாடிக்கு 10 மீட்டர் வேறுபாடு வந்தால், 50 மீட்டரில் ஒன்று மற்றதைவிட 8 மில்லிமீட்டர் கீழே விழும். போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர். இந்த ஒழுங்கைத் தருவது தோட்டா. குழலின் நீளம் அல்ல.

அண்ணன் முழுக்கத் தவறு என்று சொல்லிவிடவும் முடியாது. தொலைநோக்கி இல்லாமல் முன்குறி, பின்குறி பார்த்துச் சுடுவதானால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் முக்கியம். அந்தத் தூரம் 60 சென்டிமீட்டராக இருக்கும்போது முன்குறியில் 0.1 மில்லிமீட்டர் பிசகினால் அட்டையில் 8 மில்லிமீட்டருக்கு மேல் விலகும். 80 சென்டிமீட்டரானால் 6 சொச்சம். போட்டி ரைபிள்கள் சிலவற்றில் குழலின் நுனியில், உள்ளே குண்டைச் சுழற்றும் வரிகள் இல்லாத வெறும் குழாயைச் செருகியிருப்பதைப் பார்க்கலாம். முன்குறியைத் தள்ளி வைக்க மட்டுமே அது. தொலைநோக்கி பொருத்துவீர்களானால் இந்தக் கணக்கே கிடையாது. அப்போது குட்டைக் குழலுக்கு ஒரு சாதகம்: ஒரே பருமனில் 16 அங்குலக் குழல் 24ஐவிட மூன்று மடங்குக்கு மேல் விறைப்பாக நிற்கும், அதிர்வு குறையும். ஆனால் நின்றபடி சுடும்போது முன்பாரம் உள்ள நீளக் குழல் கையில் நிதானமாக நிற்பதாக எனக்குத் தோன்றும். உங்கள் தோளைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டையும்விட நான் முதலில் பார்ப்பது குழலின் வாய், அதாவது குண்டு வெளியேறும் விளிம்பு. பால்வெட்டுக் கத்திக்குப் பிடி எவ்வளவு நீளமானாலும் வாய் மழுங்கினால் பட்டை சீராக உரியாது என்பது தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். சுத்தம் செய்யும் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டு விட்டு, என் பழைய ரைபிளின் விளிம்பில் நகக்கண் அளவு தேய்வை நானே உண்டாக்கினேன். அதன் பிறகு ஒரு மாதம் மூச்சையும் விரலையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நீளக் குழலை வாங்கிப் பிறகு அறுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். வாயும் கெடும், உரிமத்துக்கும் ஆபத்து.

ஆகவே முன்குறி, பின்குறி பார்த்துச் சுடுவதானால் 24, தொலைநோக்கியானால் 16. வாங்கும் முன் சங்கத்து மேற்பார்வையில் இரண்டையும் மணல்மூட்டையில் தாங்கிச் சுட்டுப் பாருங்கள். மூன்று வகைத் தோட்டா, ஒவ்வொன்றிலும் ஒரே தயாரிப்பு எண், அட்டைக்கு ஐந்து குண்டு, ரைபிளுக்கும் தோட்டா வகைக்கும் ஐந்தைந்து அட்டை. குழல் பழகட்டும் என்று முதலில் பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு தரையிலிருந்து எழும் கானல் அட்டையையே நெளிய வைக்கும்.