எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? அமெரிக்க வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

டெக்சாஸில் இப்போது லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு நடமாடலாம் என்கிறார்கள். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கடையில் பார்த்த கிளாக் 19 பிடித்திருக்கிறது. வாங்கலாமா?
– பிளானோ வாசகர்

துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் விசாவைப் பாருங்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதானவர் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு போகலாம் என்பது உண்மை. ஆனால், துப்பாக்கி வைத்திருக்கவே சட்டப்படி தகுதியுள்ளவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 என்று தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்கிறது கூட்டரசின் சட்டம். மாநிலச் சட்டத்தால் இதைத் தளர்த்த முடியாது. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை விலகும். “ஹன்டிங் லைசென்ஸ் எடுத்துட்டா போதும்” என்று நண்பர்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் மறுநாள் காலையில் வீட்டு லாக்கரில் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். வேலை அனுமதியும் கிரீன் கார்டு விண்ணப்பமும் நிலுவையில் உள்ளவர் இப்படி ஒரு தேதியை நம்பி இருப்பது புத்திசாலித்தனம் அல்ல என்பது எங்கள் கருத்து. அப்படியும் வாங்குவதாக இருந்தால், முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதெல்லாம் நேரடிக் கேள்வியாகவே வரும். அதில் பொய் சொல்வது தனிக் குற்றம்.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை, அவர்களும் சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்க்கட்டும் என்று ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடம்) அழைத்துப் போகிறவர்கள் நிறைய. பி-2 விசாவில் வந்தவருக்கும் இதே தடைதான்.

கணவருக்கு கிரீன் கார்டு, எனக்கு எச்-4. அவர் பெயரில் வாங்கி வீட்டில் வைத்தால் எனக்குச் சிக்கலா?
– ஃபிரிஸ்கோ வாசகி

அவர் வாங்கலாம். நீங்கள் எடுக்கக்கூடிய இடத்தில் அது இருக்கக் கூடாது. கையில் பிடித்தால்தான் குற்றம் என்றில்லை. துப்பாக்கி இருக்கும் பூட்டுப்பெட்டியின் எண் தெரிந்து, திறந்து எடுக்க முடிகிற நிலையில் இருந்தாலே அது உங்கள் வசம் இருப்பதாக வாதிட இடமுண்டு. பூட்டும் பெட்டி, எண் அவருக்கு மட்டும். உங்களுக்காகவே அவர் பெயரில் வாங்குவது என்றால் அது வேறு ஒரு பெரிய குற்றம். வேண்டாம்.

முதல் கைத்துப்பாக்கி. “சின்னதா இருந்தாதான் தினமும் வெச்சுப்பீங்க” என்று கடைக்காரர் ரூகர் எல்சிபி காட்டுகிறார். நண்பர் .45 வாங்கு என்கிறார். எதைக் கேட்பது?
– அட்லாண்டா வாசகர்

இரண்டையும் கேட்க வேண்டாம். 9 மி.மீ. போதும் (9 மி.மீ., .380, .40, .45 எல்லாம் தோட்டாவின் அளவுப் பெயர்கள்). பின்னுதைப்பு குறைவு, தோட்டா மலிவு, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) அதிகம் கொள்ளும். எஃப்பிஐ-யே .40-ஐ விட்டு 9 மி.மீ.க்குத் திரும்பியதற்குக் காரணம், நல்ல ஹாலோ பாயின்ட் (முனை குழிந்து, பட்டதும் விரியும்) தோட்டாவில் பாயும் ஆழம் போதுமானதாக இருக்கிறது, ஆட்களும் இன்னும் துல்லியமாகச் சுடுகிறார்கள் என்பதுதான்.

அளவு விஷயத்தில்தான் முதல் தடவை வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். எல்சிபி மாதிரி .380 பாக்கெட் துப்பாக்கி 300 கிராம்கூட வராது. வைத்துக்கொள்ள சுகம், சுடுவதற்குத் தண்டனை. சுண்டுவிரலுக்கு இடமில்லை, குறிபார்க்க உதவும் முன்குறி பொடிசு, ஒவ்வொரு குண்டுக்கும் உள்ளங்கையில் அறை விழும். அதனால் பயிற்சிக்கே போகமாட்டீர்கள். அது பத்து வருடம் பழகியவர் இரண்டாவதாக வாங்க வேண்டிய துப்பாக்கி.

கிளாக் 19 அதற்கு நேர்மாறு. 4 அங்குலக் குழல், 15 தோட்டா, தோட்டாவோடு 850 கிராம். பழக மிக நல்லது. ஒல்லியான உடம்பில் மறைப்பது கடினம். இடைப்பட்டதாக 2018-ல் வந்த சிக் பி365 (10 தோட்டா, சுமார் 500 கிராம்), 2019-ல் வந்த கிளாக் 43எக்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், 2021-ல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ் இருக்கின்றன. இந்த வரிசையில் உங்கள் கைக்கு எது ஒத்து வருகிறதோ அதை எடுங்கள். மாடல்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை யூடியூபில் மணிக்கணக்கில் பேசுவார்கள். உங்கள் கைக்கும் துப்பாக்கிக்கும் உள்ள பொருத்தம்தான் அதைவிட முக்கியம்.

பொருத்தத்தைக் கடையிலேயே பார்க்கலாம். ஸ்லைடை (குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் பாகம்) திறந்து காலியாக இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் வரும்படி பிடியுங்கள். சுட்டுவிரல் நுனியின் சதைப்பகுதி ட்ரிகர் மேல் இயல்பாகப் படிய வேண்டும். நகத்தோரம் மட்டும் எட்டினால் பிடி உங்களுக்குப் பெரிது. இழுக்கும்போது குழல் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். முதல் மடிப்பையும் தாண்டி விரல் உள்ளே போனால் பிடி சிறிது. கண்ணை மூடித் தூக்கி, திறந்து பார்த்தால் முன்குறி பின்குறிக்குள் கிட்டத்தட்ட நின்றிருக்க வேண்டும்.

பிடித்திருந்தாலும் உடனே வாங்கிவிடாதீர்கள். வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்குப் போய் இரண்டு மூன்று மாடல்களில் ஒவ்வொன்றிலும் 50 தோட்டா சுட்டுப் பாருங்கள். 7 கஜத்தில், அவசரமில்லாமல், ஐந்து குண்டும் உள்ளங்கை அளவுக்குள் எதில் விழுகிறதோ அதுதான் உங்களுடையது. கூட வருகிறவரிடம் மேகசினை நிரப்பச் சொல்லி, நடுநடுவே இரண்டு போலித் தோட்டாக்களைச் செருகச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவில் குழல் முனை கீழே குத்தினால், சத்தத்தை எதிர்பார்த்து நீங்களே தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். சின்னத் துப்பாக்கியில் இந்தக் குத்தல் எவ்வளவு அதிகம் என்பது அப்போது கண்ணுக்கே தெரியும்.

மறைப்பதைப் பற்றி ஒன்று. சட்டைக்கு மேல் புடைத்துக் காட்டிக்கொடுப்பது பிடியின் அடிப்பாகம். குழல் நீளம் பெரும்பாலும் பேண்டுக்குள் போய்விடும். அதனால் குட்டைக் குழலைத் தேடாதீர்கள், குட்டைப் பிடியைத் தேடுங்கள்.

ஆயிரம் டாலர் பட்ஜெட் என்றால் துப்பாக்கிக்கு 500-க்கு மேல் ஒதுக்க வேண்டாம். மீதி ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), பெல்ட், பூட்டுப்பெட்டி, 500 பயிற்சித் தோட்டா, ஒரு நாள் வகுப்பு.

எனக்கு 58 வயது, விரல் மூட்டு வலி. ஸ்லைடை இழுக்க முடியவில்லை. ரிவால்வர்தான் பெண்களுக்குச் சுலபம் என்று 642-ஐக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.
– ஹூஸ்டன் வாசகி

கடைகளில் பல காலமாகச் சொல்லப்படும் தவறான ஆலோசனை இது. ஸ்மித் அண்ட் வெஸன் 642-ல் ஸ்லைடு இல்லைதான். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் சுமார் 12 பவுண்டு விசையில் ட்ரிகரை இழுக்க வேண்டும். மூட்டு வலிக்கு அது இன்னும் மோசம். எடை 400 கிராமை ஒட்டித்தான், தோட்டா ஐந்துதான். உதை கையைப் பதம் பார்க்கும்.

முதலில் ஸ்லைடு இழுக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். கையை நீட்டி வைத்து இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே, முனை பாதுகாப்பான திசையில் இருக்கும்படி கொண்டு வாருங்கள். இடது கையின் நான்கு விரலும் உள்ளங்கையும் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து கவ்வட்டும். இடது கையை அசைக்காமல், வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். முழுதாகப் பின்னால் போனதும் பட்டென்று விட்டுவிடுங்கள். கூடவே கையை முன்னால் கொண்டுபோனால் ஸ்லைடு முழுதாக மூடாது.

அப்படியும் வரவில்லை என்றால் ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஸி வரிசை இருக்கிறது. .380 மாடல் 2018-ல் வந்தது, பிறகு 9 மி.மீ.யும் வந்தது. ஸ்லைடு ஸ்பிரிங் மெலிது, மேகசினை நிரப்பப் பக்கத்தில் ஒரு குமிழ் உண்டு. பிடியின் பின்புறம் ஒரு பாதுகாப்பு விசை இருக்கிறது. அது முழுதாக அமுங்கினால்தான் சுடும். தளர்வாகப் பிடிக்கிறவருக்கு அது அமுங்காமல் போகும், ஆகவே சுட்டுப் பார்த்தே வாங்குங்கள். பழையது வாங்கினால் கவனம்: 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரான ஈஸி துப்பாக்கிகளை ஹேமர் (சுடும்போது தட்டும் சுத்தியல் பாகம்) குறைபாட்டுக்காக நிறுவனமே திரும்ப அழைத்தது. வரிசை எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொள்ளலாமா? சல்வார், லெக்கிங்ஸுக்கு பெல்ட் எங்கே போடுவது?
– ஆஸ்டின் வாசகி

குழந்தைகள் உள்ள வீட்டில் கைப்பை வேண்டவே வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் தாயின் பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டு, தாய் இறந்தார். அது துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை வைத்துத் தைத்த பை. குழந்தை இல்லாதவருக்கும் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் ஆயுதமும் சேர்ந்து போகும்.

பெல்ட் இல்லாத உடைக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்லி பேண்ட் இருக்கிறது. ஆனால் வெறும் துணிப் பை வைத்ததை வாங்காதீர்கள். ட்ரிகரை முழுதாக மூடும் கடின பிளாஸ்டிக் கூடு உள்ளே இருக்க வேண்டும். துணிக்கு மேல் விரலால் அழுத்திப் பாருங்கள். ட்ரிகர் அசைந்தால் அது குப்பை. கூடாரம் மாதிரி தொங்கும் குர்தா மறைக்கும் என்று நினைப்பார்கள், ஆனால் காற்றடித்தால் ஒட்டிக்கொண்டு அச்சாகத் தெரியும். கெட்டியான துணி, பூப்போட்ட டிசைன் நன்றாக மறைக்கும்.

பேண்ட் போடுகிற ஆண்களுக்கு: உடம்புக்கு ஏற்ற இடத்தில் கைடெக்ஸ் என்ற கடின பிளாஸ்டிக் உறை, விறைப்பான ஒன்றரை அங்குல பெல்ட். சாதாரண ஆபீஸ் பெல்ட் துவண்டு, துப்பாக்கி வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். முன்பக்கம் வைப்பவர்கள், பிடியை உடம்போடு தள்ளும் சிறு கொக்கி உள்ள உறையாகப் பார்த்து வாங்கினால் பாதிப் புடைப்பு போய்விடும். உறையின் திருகுகள் கழன்றுகொண்டே இருக்கும். நீல நிற லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள்.

சேம்பரில் (குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) தோட்டா ஏற்றி வைக்கப் பயமாக இருக்கிறது.
– டாலஸ் வாசகர்

நியாயமான பயம். இன்றைய நல்ல பிஸ்டல்கள் ட்ரிகர் பின்னால் போனால் மட்டுமே சுடும். தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியைத் தடுக்கும் பாகம் உள்ளே இருக்கிறது. ஆபத்து பெரும்பாலும் உறைக்குள் திரும்பச் செருகும் அந்த இரண்டு வினாடியில்தான். ஜாக்கெட்டின் நாடா, சட்டையின் ஓரம் உறைக்குள் புகுந்து ட்ரிகரில் மாட்டும். குனிந்து பார்த்து, மெதுவாக, விரலை வெளியே நீட்டி வைத்துச் செருகுங்கள். இன்னும் நல்லது, துப்பாக்கியை உறைக்குள் போட்டுவிட்டு உறையோடு சேர்த்து இடுப்பில் மாட்டுவது.

பயம் தெளிய வழி இருக்கிறது. கிளாக் என்றால், காலியாக ஸ்லைடை ஒருமுறை இழுத்து விட்டு, ட்ரிகர் முன்னால் நிற்கும் நிலையில் இரண்டு வாரம் வீட்டில் மாட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். தினமும் இரவு பாருங்கள். ட்ரிகர் முன்னாலேயே இருந்தால் உறை சரி. ஒருநாள் பின்னால் போயிருந்தால் உறையை மாற்றுங்கள்.

தினமும் இரவு தோட்டாவை வெளியே எடுத்துக் காலையில் அதையே ஏற்றுபவர்கள் கவனிக்க: திரும்பத் திரும்ப ஏற்றும்போது குண்டு கூட்டுக்குள் அமுங்கும். அப்படிப்பட்ட தோட்டாவில் அழுத்தம் எகிறும். புதிய ஒன்றோடு பக்கத்தில் வைத்து உயரம் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

புதுத் துப்பாக்கி. முதல் நூறு தோட்டாவில் நாலைந்து முறை சிக்கிக்கொண்டது. திருப்பிக் கொடுக்கவா?
– டாம்பா வாசகர்

எப்படிச் சிக்கியது என்று சொல்லியிருக்கலாம். காலிக் கூடு ஸ்லைடில் நட்டுக்கொண்டு நின்றதா? பெரும்பாலும் மணிக்கட்டு தளர்ந்த பிடி. துப்பாக்கி எடை குறையக் குறைய இது அதிகம். தோட்டா முனை கீழ்நோக்கி முட்டியதா? மேகசினைச் சந்தேகப்படுங்கள், மேகசின்களுக்கு மார்க்கரால் 1, 2 என்று எண் போட்டால் குற்றவாளி தெரிந்துவிடும். கடைசிக் குண்டுக்குப் பின் ஸ்லைடு திறந்து நிற்கவில்லையா? பெரும்பாலும் உங்கள் கட்டைவிரல் ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கும், துப்பாக்கியில் பழுதிருக்காது.

பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே சுட்டிருந்தால், துடைத்துவிட்டு ஸ்லைடு உரசும் நான்கு இடத்திலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிறகு அனுபவமுள்ள ஒருவரிடம் அதே தோட்டாவைக் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் சிக்கினால் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 200 பயிற்சித் தோட்டா, 50 ஹாலோ பாயின்ட் சிக்காமல் ஓடும் வரை அதை இடுப்பில் வைக்காதீர்கள்.

டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சியின் எடிசனில் உள்ள அண்ணன் வீட்டுக்குக் காரில் போகிறோம். துப்பாக்கியும் எடுத்துப் போகலாமா?
– சான் ஆன்டோனியோ வாசகர்

வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போங்கள். நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் லைசென்ஸையும் ஏற்பதில்லை. பத்துக்கு மேல் கொள்ளும் மேகசின் அங்கே குற்றம். ஹாலோ பாயின்ட் தோட்டாவோடு நடமாடுவதும் குற்றம். கிரீன் கார்டு உள்ளவருக்குத் துப்பாக்கி வழக்கில் தண்டனை கிடைத்தால், நாடு கடத்தவே சட்டத்தில் இடமிருக்கிறது.

ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையையே ஊருக்குப் போகவும் எடுக்கலாமா?
– இர்விங் வாசகர்

கூடாது. பக்க ஜிப்பில் தங்கிவிட்ட ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகலாம். தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து வெளிவரலாம்தான். அதற்குள் விமானம் போயிருக்கும், பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டிருக்கும். ரேஞ்சுக்குத் தனிப் பை வாங்கி காரேஜில் மாட்டி வையுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டது என்றால் பையைத் தலைகீழாக உதறினால் போதாது. லைனிங் கிழிந்த இடத்தில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், காலணியின் உள்பக்கத்தையும் ஜாக்கெட் பையையும் விடாதீர்கள்.