பின் டயர் உள்பக்கம் மட்டும் மொட்டை: இடம் மாற்றினால் சரியாகுமா?

டயர் தேய்மானம், டயர்களை இடம் மாற்றிப் போடுவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில் ஒன்றாக. கேட்டவர்கள் எல்லோரும் பின்சக்கரம் இழுக்கும் கார் வைத்திருப்பவர்கள்.

கேள்வி: என் காரில் பின் டயர் இரண்டிலும் உள்ஓரம் கிட்டத்தட்ட மொட்டை. வெளிஓரத்தில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) நன்றாக இருக்கிறது. முன் டயர்கள் பரவாயில்லை. முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் போட்டால் தேய்மானம் சமமாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

செய்யக் கூடாது. முதல் காரணம் எளிது. டிஸ்க்கோடு (டயர் ஏறியிருக்கும் உலோகச் சக்கரம்) சேர்ந்த டயரை எந்த மூலையில் மாட்டினாலும் அதன் உள்பக்கம் உள்பக்கமாகத்தான் இருக்கும். இடமிருந்து வலத்துக்குக் கொண்டுபோனாலும் அப்படியே. ஆக, மொட்டையான ஓரம் முன்னால் போய் அங்கேயும் உள்ளேதான் நிற்கும். பின்னால் போகும் நல்ல டயர்களையும் அதே கோளாறு தின்னத் தொடங்கும். இரண்டு டயர் போக வேண்டிய இடத்தில் நான்கு போகும்.

கோளாறு எதில் என்று பார்ப்போம். உள்ஓரம் தேய இரண்டு காரணங்கள் உண்டு: கேம்பர், டோ. சக்கரத்தின் மேல்பகுதி காரை நோக்கிச் சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள பல கார்களில், வளைவில் பிடிமானம் கிடைக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே ஒன்றிரண்டு டிகிரி சாய்த்துத்தான் வைத்திருப்பார். அதனால் உள்ஓரம் கொஞ்சம் முந்தித் தேய்வது இயல்பு. ஆனால் கேம்பர் மட்டும் ஒரு டயரை இவ்வளவு சீக்கிரம் மொட்டையாக்குவது அரிது. உண்மையில் டயரைத் தின்பது டோ.

மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நேர் முன்னே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்தான் டோ. முன்விளிம்பு உள்ளே திரும்பினால் டோ-இன், வெளியே திரும்பினால் டோ-அவுட். ஒரு சக்கரத்தில் அரை டிகிரி பிசகு என்று வையுங்கள். 15 அங்குல டிஸ்க்கின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் அது வெறும் 3.3 மி.மீ. வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 8.7 மீட்டர் பக்கவாட்டில் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது. டோ-அவுட்டோடு நெகட்டிவ் கேம்பரும் சேர்ந்தால் உரசல் முழுவதும் உள்ஓரத்தில் குவியும்.

எது என்று கையாலேயே கண்டுபிடிக்கலாம். முதலில் உள்ஓரத்தில் கம்பி வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் கையைக் கிழித்துவிடும், அந்த டயரில் இனி ஓட்டவும் கூடாது. கம்பி இல்லையென்றால் உள்ளங்கையை டயரின் அகலவாக்கில் மெதுவாக நகர்த்துங்கள். வெளியிலிருந்து உள்நோக்கிப் போகும்போது பட்டன் விளிம்புகள் கத்திபோல் குத்தினால் டோ-அவுட். உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது குத்தினால் டோ-இன் அதிகம். இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்து, ஓரம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பர்.

அடுத்தது நான்கு சக்கர அலைன்மென்ட், அதாவது நான்கு சக்கரங்களின் கோணத்தையும் அளந்து சரிசெய்வது. முன்சக்கரம் மட்டும் பார்க்கும் அலைன்மென்ட்டால் உங்களுக்குப் பயனில்லை. பின் டோவை முதலில் சரிசெய்துவிட்டு, பின்சக்கரங்கள் பார்க்கும் கோட்டுக்கு ஏற்ப முன்சக்கரங்களை வைக்க வேண்டும். வரிசை மாறினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். சரிசெய்வதற்கு முன் எடுத்த தாளில் எல்லாமே பச்சையாக (அளவு சரி என்று) இருந்தும் டயர் தேய்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியது சஸ்பென்ஷன் கைகளில் உள்ள ரப்பர் புஷ்கள். புஷ் தளர்ந்த கார் மேடையில் நிற்கும்போது சரியான அளவைக் காட்டும். ஆக்சிலரேட்டர், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் திரும்பிவிடும். கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். புஷ் மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது காசைக் கரைப்பது. ஸ்பிரிங் தளர்ந்து பின்பக்கம் இறங்கியிருந்தாலும், அழகுக்காக உயரத்தைக் குறைத்திருந்தாலும் கேம்பர் கூடும்.

இப்போதுள்ள டயர்களை என்ன செய்வது? தேய்மான அடையாளக் கட்டையை (காடிக்குள், அதாவது பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில், இருக்கும் சிறு மேடு), அதாவது 1.6 மி.மீ. ஆழத்தை, உள்பக்கக் காடி தொட்டுவிட்டால் வெளிஓரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த டயர் முடிந்தது. இன்னும் ஆழம் இருந்தால் டிஸ்க்கிலிருந்து கழற்றித் திருப்பிப் போடலாம். ஆனால் டயரின் பக்கச்சுவரில் 'வெளிப்பக்கம்', 'உள்பக்கம்' என்று எழுதியிருந்தால் அதைத் திருப்ப முடியாது. சுழல் திசை அம்புக்குறி உள்ள டயரைத் திருப்பினால் இடதை வலத்துக்கும் வலதை இடத்துக்கும் மாற்றியே ஆக வேண்டும்.

கேள்வி: பின்சக்கரக் காருக்கு எந்த டயர் எங்கே போக வேண்டும்? ரேடியல் டயரை (இன்று கார்களில் வழக்கமாக உள்ள வகை) குறுக்காக மாற்றக் கூடாது என்கிறார்களே?

பின் டயர் இரண்டும் அதே பக்கத்தில் நேராக முன்னே வரும். முன் டயர்கள் குறுக்காகப் பின்னே போகும்: முன்-இடது பின்-வலதுக்கு, முன்-வலது பின்-இடதுக்கு. முன்சக்கரம் இழுக்கும் காருக்கு இது தலைகீழ். விதி இதுதான்: இழுக்கும் சக்கரம் நேராகப் போகும், இழுக்காத சக்கரம் குறுக்காகப் போகும்.

உங்கள் காரில் முன்சக்கரம் உருள்கிறது, திரும்புகிறது, பிரேக் பிடிக்கிறது, உந்துவதில்லை. பிரேக் விசை எப்போதும் ஒரே திசையில் பட்டன்களை இழுப்பதால் ஒவ்வொரு பட்டனிலும் ஒரு முனை தாழ்ந்தும் மறுமுனை உயர்ந்தும் ரம்பப் பல் போல ஆகும். வண்டிக்குள் கேட்கும் 'ஊம்' என்ற இரைச்சல் பெரும்பாலும் இதனால்தான். குறுக்காகப் போனால் டயர் சுழலும் திசை மாறி, உயர்ந்த முனை தேயத் தொடங்கும். பின்சக்கரத்தில் என்ஜின் விசையும் பிரேக் விசையும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்வதால் இந்தப் பல் அவ்வளவாக விழுவதில்லை.

குறுக்கே போடக் கூடாது என்பது ஆரம்பகால ரேடியல்களுக்குச் சொன்ன எச்சரிக்கை. இன்றைய டயர்களுக்குப் பொருந்தாது. இன்றும் குறுக்கே போகக் கூடாதது திசை அம்புக்குறி உள்ள டயர்தான். அது அதே பக்கத்தில் முன்-பின்னாக மட்டும் மாறும். பின்னால் அகலமான டயர், முன்னால் குறுகலானது என்றிருந்தால் முன்-பின் மாற்றமே கிடையாது, இடம்-வலம் மட்டும்தான். அளவும் வேறு, அம்புக்குறியும் உண்டு என்றால் டிஸ்க்கிலிருந்து கழற்றாமல் எதுவும் செய்ய முடியாது.

8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஆழமானியால் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து எழுதி வைத்தால் இன்னும் நல்லது. முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் 1 மி.மீ.யைத் தாண்டும் முன் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: காற்று சரியாகத்தான் வைக்கிறேன். ஆனாலும் பின் டயர் நடுவில் தேய்கிறது, முன் டயர் ஓரங்களில் தேய்கிறது.

இந்த அமைப்பில் ஓரளவு இது இயல்பே. உந்தும் டயர் நடுப்பகுதியை அதிகம் தேய்க்கும். திரும்பும் டயர் ஓரங்களை. இடம் மாற்றுவது பலன் தருவது இங்கேதான்.

'சரியாக' என்பதை மட்டும் ஒருமுறை சோதியுங்கள். கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு, வண்டி மூன்று மணி நேரமாவது நின்று ஆறிய டயருக்கு. ஓடி வந்த சூட்டில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அப்போது காற்றைப் பிடுங்கி அளவுக்குக் கொண்டுவந்தால் ஆறிய பிறகு குறைந்துவிடும், ஓரம் தேயும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு சொல்லியிருந்தால், டயர் இடம் மாறிய அன்றே காற்றையும் மாற்ற வேண்டும். பலர் மறப்பது இதை.

கேள்வி: ஒரே ஒரு ஜாக்கியும் ஸ்டெப்னியும் இருந்தால் வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும், சமதளமாகவும் கெட்டித் தரையாகவும் இருந்தால். ஐந்து முறை தூக்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் ஒவ்வொரு டயரிலும் இப்போதைய இடத்தைச் சாக்பீஸால் எழுதுங்கள். பின்-இடதைத் தூக்கிக் கழற்றி, அங்கே ஸ்டெப்னியை மாட்டுங்கள். முன்-இடதைக் கழற்றி, கையிலுள்ள பின்-இடது டயரை அங்கே மாட்டுங்கள். பின்-வலதைக் கழற்றி, முன்-இடது டயரை மாட்டுங்கள். முன்-வலதைக் கழற்றி, பின்-வலது டயரை மாட்டுங்கள். கடைசியாகப் பின்-இடதுக்கு வந்து ஸ்டெப்னியை எடுத்து, மிஞ்சிய முன்-வலது டயரைப் போடுங்கள். சிறிய ஸ்டெப்னியாக இருந்தாலும் பரவாயில்லை, வண்டி நகரப்போவதில்லை.

பின்சக்கரக் காருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வண்டியைக் கியரில் விட்டால் நகராது என்று நினைப்பார்கள். கியர் பூட்டுவது சக்கரத்தை அல்ல, இடையிலுள்ள தண்டை. ஒரு பின்சக்கரம் மேலே தூக்கப்பட்டால் டிஃபரன்ஷியல் (தண்டின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) வழியாக அது எதிர்த்திசையில் சுழல, தரையில் உள்ள மறு சக்கரம் உருண்டு வண்டி ஜாக்கியிலிருந்து விழலாம். ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பொதுவாகப் பின்சக்கரங்களை. இரண்டையும் ஒருசேரத் தூக்கினால் பிரேக் இல்லாத வண்டிதான் அது. அதனால் ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்கும் மூலைக்கு எதிர்முனையில் உள்ள இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது.

நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்துங்கள். மாட்டும் முன் ஹப்பிலும் (டிஸ்க் உட்காரும் நடுப்பகுதி) டிஸ்க்கின் பின்புறத்திலும் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் துடைக்க வேண்டும்; ஒரு செதில் துரு இடையில் சிக்கினாலும் சக்கரம் ஆடும், ஓடியபின் நட்டும் தளரும். ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரைக்கம்பி) எண்ணெய், கிரீஸ் வேண்டாம். கையால் திருகி உட்காரவைத்து, இறக்கிய பின் எதிரெதிராக டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்குங்கள். பெரும்பாலான கார்களுக்கு அளவு 90 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் காருக்கு எது என்பது கையேட்டில் இருக்கும். குழாயை மாட்டி எட்டி மிதிப்பது முறுக்குவது ஆகாது. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சோதியுங்கள்.

கேள்வி: மாற்றிப் போட்டதிலிருந்து ஸ்டீயரிங் நடுங்குகிறது, வண்டியும் ஒரு பக்கம் இழுக்கிறது. கெடுத்துவிட்டார்களா?

அவசியமில்லை. பின்னால் இருந்தபோது பேலன்ஸ் (சுற்றிலும் எடை சமமாக இருப்பது) இல்லாத டயரின் ஆட்டம் இருக்கையில்தான் லேசாகத் தெரிந்திருக்கும். முன்னால் வந்ததும் கைக்கு வந்துவிடுகிறது. பேலன்ஸ் பாருங்கள். இழுப்புக்கு ஒரு சோதனை: முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றுங்கள் (திசை அம்புக்குறி இல்லாதவை என்றால்). இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குற்றம் டயரில். அதே பக்கம் இழுத்தால் அலைன்மென்ட், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் இரண்டையும் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் வரை இரைச்சல் கூடியிருந்தால் பொறுத்துப் பாருங்கள். ரம்பப் பல் எதிர்த்திசையில் தேயும் சத்தம் அது.

ஆனால் டயரைச் சுற்றிலும் விட்டுவிட்டுக் குழி குழியாக இருந்தால் பொறுக்க வேண்டாம். பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் போயிருக்கும்.

கேள்வி: ஒரு பின் டயர் மட்டும் மற்றதைவிட வேகமாகத் தேய்கிறது.

காற்றும் டோவும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால், ஓட்டும் விதத்தைப் பாருங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் பாரம் குறைந்த சக்கரம்தான் முதலில் வழுக்கிச் சுற்றும். தினமும் ஒரே பக்கத் திருப்பத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறினால் தேய்வதும் ஒரே டயர். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் உள்ள காரில் இரண்டு பின் டயரும் ஒரே சுற்றளவில் இருப்பது கட்டாயம். இல்லையென்றால் நேர்ச்சாலையிலும் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் உரசிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: இப்போதைக்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். ஸ்டீயரிங் இருக்கும் முன்பக்கம்தானே போட வேண்டும்?

பின்னால் போடுங்கள். ஈரச் சாலையில் முன் டயர் மிதந்தால் வண்டி நேராகப் போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் மிதந்தால் வண்டி பின்பக்கமாகச் சுழன்றுவிடும், அதை மீட்பது பழகிய கைக்கே கடினம். முன்னால் இருக்கும் பழையவை 3 மி.மீ.க்குக் கீழே இறங்கிவிட்டால் அடுத்த மழைக்காலம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்க்கலாமா?

அதே அளவு, அதே வகை, முழு அளவு ஸ்டெப்னி என்றால் சேர்க்கலாம். முன்-வலது டயர் ஸ்டெப்னி இடத்துக்குப் போகட்டும், ஸ்டெப்னி பின்-இடதுக்கு வரட்டும், மற்றவை வழக்கம்போல. ஆனால் முதல் மாற்றத்திலிருந்தே சேர்க்க வேண்டும். நான்கும் பாதி தேய்ந்த பிறகு புத்தம்புதிய ஒன்றைப் பின் அச்சில் மாட்டினால் இடத்துக்கும் வலத்துக்கும் சுற்றளவு ஒத்துவராது. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடம் பெட்டிக்குள் கிடந்த ஸ்டெப்னியின் பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் அதைச் சுற்றில் சேர்க்க வேண்டாம்.