இருவருக்குமே காது கேட்காது, பிறக்கும் குழந்தைக்கு?

கேள்வி: என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் அம்மா தாய்மாமனைக் கட்டியவர். இப்போது தம்பிக்கு ஆத்தூர்ப் பக்கம் பெண் பார்த்திருக்கிறோம். அவளும் பிறவியிலேயே காது கேளாதவள், எங்களுக்கு உறவில்லை. ‘குழந்தைக்கும் அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் ஒரே பேச்சு. உண்மையா டாக்டர்?
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அப்படி அடித்துச் சொல்ல முடியாதம்மா. இருவருக்கும் ஒரே ஜீன் (மரபணு) பழுதா, வேறு வேறு ஜீனா என்று தெரிந்தால்தான் பதில் கிடைக்கும்.

காது கேட்க நூற்றுக்கும் மேற்பட்ட ஜீன்கள் சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் நமக்கு இரண்டு பிரதிகள்: அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. பரம்பரையாக வரும் பிறவிக் காது கேளாமையில் பெரும்பாலும் இரண்டு பிரதியும் பழுதானால்தான் குறை வெளியே தெரியும். உங்கள் பெற்றோர் சொந்தத்தில் கட்டியதால், முன்னோர் ஒருவரின் ஒரே பழுது இரு வழியாகவும் தம்பிக்கு வந்திருக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பற்றவைக்க ஆள் இல்லை, இன்னொன்றில் மெருகு போட ஆள் இல்லை. தனித்தனியாக இரண்டிலும் கொலுசு முடியாது, சேர்ந்தால் முடிந்துவிடும். காது கேட்கத் தேவையான ஜீன்களில் தம்பிக்கு ஜிஜேபி2 (GJB2) என்பதும் பெண்ணுக்கு ஓட்டோஃபெர்லின் (OTOF) என்பதும் பழுது என்றால் அதே கதைதான். குழந்தைக்கு இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைக்கும், காது கேட்கும். இதை மரபியலில் காம்ப்ளிமென்டேஷன் என்பார்கள். இரண்டு பட்டறையிலுமே பற்றவைப்பவர் இல்லையென்றால்? ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார், மற்றவர் ஊருக்குப் போயிருக்கிறார். காரணம் எதுவானால் என்ன, கொலுசு முடியாது.

ஜீன் பரிசோதனை ரிப்போர்ட் படிக்கும்போது பலர் கோட்டை விடுவது இங்கேதான். பழுதின் குறியீடாக ஒருவருக்கு ‘டபிள்யூ24எக்ஸ்’ (W24X), மற்றவருக்கு ‘35டெல்ஜி’ (35delG) என்று இருக்கும். ‘வேற வேற மியூட்டேஷன்தானே’ (மியூட்டேஷன் என்றால் ஜீனில் உள்ள பழுது) என்று நிம்மதியாகிவிடுவார்கள். இரண்டுமே ஜிஜேபி2-வில் உள்ள பழுதுகள். குழந்தைக்கு இரண்டு பக்கமும் பழுதான பிரதியே வரும், காது கேட்காது. அதனால் முதலில் ஜீனின் பெயரைப் பாருங்கள், எழுத்தும் எண்ணும் அப்புறம்.

இந்தக் கணக்கில் அடங்காதவையும் உண்டு. ஒரே ஒரு பழுதான பிரதியாலேயே வரும் வகை என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதி வாய்ப்பு. அம்மா கர்ப்பமாக இருந்தபோது வந்த ரூபெல்லா போன்ற தொற்றுதான் காரணம் என்றால் அது பரம்பரையாக வராது.

இருவரும் மரபணு ஆலோசகரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். சில சமயம் பரிசோதனையில் காரணம் பிடிபடாமலும் போகும். இதற்காகக் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. வீட்டில் இவ்வளவு பேச்சு நடக்கிறதே, தம்பியையும் அந்தப் பெண்ணையும் யாராவது கேட்டீர்களா?

ரிப்போர்ட் எப்படி வந்தாலும், குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள், உள்காது சத்தத்துக்குப் பதில் கொடுக்கிறதா என்று பார்க்கும் ஓஏஇ பரிசோதனை செய்துவிடுங்கள். அதில் சந்தேகம் வராவிட்டாலும், சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையை மூன்று மாதத்துக்குள் செய்யுங்கள். குறை உறுதியானால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். பெற்றோருக்கு வேறு வேறு ஜீன் பழுது என்பதால் காது கேட்டுப் பிறந்தாலும், அந்தக் குழந்தையிடம் இரண்டு பழுதும் ஒவ்வொரு பிரதியாக இருக்கும். நாளைக்கு அதற்கும் சொந்தத்திலேயே சம்பந்தம் பேசினால், மறுபடி பரிசோதனை தேவைப்படும்.