ஏரிகளைப் பற்றி நூல் எழுதியிருக்கிறேன். செய்தியாளர்கள் என்னிடம் கருத்துக் கேட்க என்ன செய்யலாம்?

நூல் வெளியான தகவலை மட்டும் அனுப்பாதீர்கள், பெரும்பாலும் யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. நாளிதழ் டெஸ்க்கில் சில வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன். நிருபருக்கு வேண்டியது மாலைக்குள் அச்சுக்குப் போக இரண்டு வரி.

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டாலே சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் வந்துவிடும். அன்று காலையிலேயே வாட்ஸ்அப்பில், "22 அடி என்பதை மட்டும் பார்க்காதீர்கள். ஏரிக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு திறக்கிறார்கள், அடையாற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஓடுகிறது, இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்" என்று உங்கள் பெயர், நூலின் பெயர், போன் நம்பரோடு அனுப்புங்கள். அப்படியே எடுத்துப் போடுகிற மாதிரி இருக்க வேண்டும். 40 பக்க பிடிஎஃப் வேண்டாம், சாமி!

போன் வந்தால் உடனே எடுங்கள். உங்களுக்குத் தெரியாத விஷயமா? தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு அவர் நம்பரைக் கொடுங்கள். அடுத்த மழைக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

சில நாள் நூலின் பெயர் விடுபட்டுப் போகும். நிருபரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இடமில்லாமல் வெட்டியது என்னைப் போன்ற ஒருவனாகத்தான் இருக்கும்.