எல்லா டெஸ்டும் நார்மல், ஆனால் தலைச்சுற்றலும் படபடப்பும் போகவில்லை. இதோடு எப்படி வாழ்வது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 29 வயது, ஐடி வேலை, ஏழு மாதமாகத் தலைச்சுற்றலும் படபடப்பும், எம்ஆர்ஐ வரை எடுத்தாயிற்று, டாக்டர்கள் ஒன்றுமில்லை என்கிறார்கள், வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ‘ஒன்றுமில்லை’யைக் கேட்டுக் கேட்டு அழுதவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. திருச்சியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர். நான் பட்டதையும், அதன் பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

2023 ஜூலையில் ஒரு விடியற்காலை, கட்டிலில் வலப்பக்கம் புரண்டேன். மின்விசிறி, ஜன்னல், பீரோ எல்லாம் சேர்ந்து சுழன்றன. அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். எழுந்து வாந்தி எடுத்தேன். அம்மா, “பித்தம் தலைக்கு ஏறியிருக்கும்டி” என்று சுக்குமல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தார். பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசியும் மாத்திரையும். இன்னொருவர் கழுத்து எலும்பு தேய்மானம் என்று காலர் மாட்டிவிட்டார். படுக்கும்போதும் புரளும்போதும் சுற்றல் வந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் என்னை உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்துப் படுக்க வைத்து என் கண்களையே பார்த்தார். உள்காதில் இருக்க வேண்டிய பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி, அங்கேயே இருக்கும் அரைவட்டக் குழாய் ஒன்றுக்குள் விழுந்திருக்கின்றன என்றார். பிபிபிவி என்று அதற்குப் பெயர். தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வரிசையாகத் திருப்பி (எப்லி முறை என்பார்கள்) ஐந்து நிமிடத்தில் துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிட்டார். சுழற்சி அன்றோடு நின்றது. அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலிருந்தது.

நான்காம் நாள் வகுப்பில் போர்டில் எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். தரை பரிசல் மாதிரி ஆடியது. இது சுழற்சி இல்லை. மிதப்பு, சாய்வு, கால் தரையில் பதியாத உணர்வு. படுத்தால் இல்லை, உட்கார்ந்தால் கொஞ்சம், நின்றால், நடந்தால் நிறைய. அந்த ஆடியில் என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். அடுக்கடுக்காகப் புடவைகள், கண்ணைக் கூசும் விளக்கு, இடித்துக்கொண்டு போகும் கூட்டம். கால் நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போயின. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று இரவு அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்துவிட்டு, “டென்ஷன் ஆகாதீங்கம்மா, ஒண்ணுமில்ல” என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நான்கு மாதம் டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட். தைராய்டு, பி12, எக்கோ, எம்ஆர்ஐ என்று 30,000 ரூபாய்க்கு மேல் போனது. நார்மல் என்று வந்தால் இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள், “அப்படியென்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஏதோ பெரிய வியாதி” என்று மனசு ஆரம்பித்துவிடும். பிபி மெஷின் வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒன்பது பத்து தடவை பார்த்தேன். சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். குனிந்தால் வந்துவிடும் என்று வாசலில் கோலம் போடுவதை நிறுத்தினேன், ஸ்கூட்டியை நிறுத்தினேன், நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தேன். வீட்டுக்காரர் அன்பானவர்தான், ஆனால் அவரும் ஒரு நாள் கேட்டார்: “எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் ஏன் பயப்படுற?” எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் ஐந்தாவது மாதம் ஒரு நரம்பியல் டாக்டரிடம் கிடைத்தது. அவர் ரிப்போர்ட் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று மட்டும் கேட்டார். அப்புறம், “அம்மா மண்டபம் காவிரிப் படித்துறையில் பாசி பிடித்த படியில் இறங்கியிருக்கிறீர்களா? எப்படி இறங்குவீர்கள்?” என்றார். உடம்பை விறைத்துக்கொண்டு, கால் விரல்களை ஊன்றி, கண்ணைப் படியிலிருந்து எடுக்காமல், சின்னச் சின்ன அடியாக என்றேன். “அதுதான். நீங்கள் படித்துறையை விட்டு ஏறி நான்கு மாதம் ஆயிற்று. உங்கள் மூளை இன்னும் பாசிப் படியில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது.”

உடம்பின் சமநிலைக்கு மூன்று இடத்திலிருந்து சேதி வருகிறது: உள்காது, கண், பாதமும் தசையும் மூட்டுகளும். காது ஒருமுறை பெரிதாகக் காலை வாரிவிட்டால் மூளை அதை நம்பாமல் கண்ணையே அதிகமாக நம்பும், தசைகளை விறைப்பாக வைத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்கு அது சரியான ஏற்பாடு. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சிலருக்கு, முக்கியமாக அந்த முதல் அதிர்ச்சியில் பயம் ஊறிப்போனவர்களுக்கு, திரும்புவதில்லை. கண்ணை நம்பியே நிற்பதால்தான் புடவைக் கடை, சூப்பர் மார்க்கெட் அலமாரிகள், வேகமாக நகரும் போன் திரை எல்லாம் ஆட்டிவைக்கின்றன. மூளையிலோ காதிலோ எதுவும் உடைந்திருக்காது. அதனால் ஸ்கேனில் தெரியாது. சேதிகளைச் சேர்த்துப் பார்க்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

இதற்குப் பெயர் பிபிபிடி, பெர்சிஸ்டென்ட் பாஸ்ச்சுரல் பெர்செப்ச்சுவல் டிஸ்ஸினஸ். உள்காதின் சமநிலை உறுப்பை ஆராய்ந்து 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயரில் இயங்கும் பாரனி சொசைட்டி (தலைச்சுற்றலை ஆராய்பவர்களின் உலகச் சங்கம்) 2017இல் இதைக் கண்டறிவதற்கான அளவுகோல்களை வெளியிட்டது. மூன்று மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் ஆட்டமோ மிதப்போ இருக்க வேண்டும். நிற்கும்போதும், அசையும்போதும், கண்முன் நிறைய அசைவு இருக்கும்போதும் அது அதிகமாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. 1870களிலேயே பெர்லினில் வெஸ்ட்பால் என்ற டாக்டர், பெரிய சதுக்கங்களைக் கடக்கும்போது பயந்து தடுமாறும் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பிற்பாடு படித்தேன். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எங்கோ ஒரு தெருவில் யாரோ சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனசு லேசானது. நான் கற்பனை செய்யவில்லை.

படபடப்புக்கு வருகிறேன். இது மனசா உடம்பா என்று பிரித்துக் கேட்பதே எனக்கு இப்போது தவறாகத் தெரிகிறது. பயந்தால் நமக்குத் தெரியாமலேயே மூச்சு வேகமாகும். இரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், விரலும் உதடும் மரக்கும். ஜவுளிக்கடையில் எனக்கு நடந்தது அதுதான். கிறுகிறுப்பைப் பார்த்துப் பயம், பயத்தால் மேலும் கிறுகிறுப்பு. பேப்பர் கவரில் மூச்சு விடச் சொல்பவர்கள் உண்டு, வேண்டாம். உண்மையிலேயே இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருந்தால் அது ஆபத்து. மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட்டாலே எனக்குச் சில நிமிடத்தில் அடங்கும்.

சிகிச்சை மூன்று விதமாக நடந்தது. முதலாவது, மனநல மருத்துவர். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அம்மா கவலைப்பட்டார். சரி, பார்க்கட்டும் என்று போனேன். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற செர்ட்ராலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். முதல் பத்து நாள் குமட்டலும் படபடப்பும் அதிகமாகவே செய்தன. முன்பே சொல்லியிருந்ததால் தாங்கினேன். பலன் தெரிய ஆறு வாரம் ஆனது. நன்றாயிருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் அதுவே தலைச்சுற்றலைக் கொண்டுவரும். இன்னொன்று: தலைச்சுற்றலை அமுக்குகிற மாத்திரைகளையும் தூக்க மாத்திரை வகைகளையும் மாதக்கணக்கில் போட்டால் மூளை புதிதாகப் பழகிக்கொள்வது தாமதமாகும். என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை நாளாக என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, சமநிலைப் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். சுவரில் ‘பை’ குறியை எழுதி ஒட்டி, அது மங்காமல் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் ஒரு நிமிடம் ஆட்டுவது, நாளைக்கு மூன்று வேளை. அப்புறம் மெத்தைமேல் கண்ணை மூடி நிற்பது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். அப்புறம் தலையைத் திருப்பித் திருப்பி நடப்பது. இவற்றைச் செய்யும்போது கொஞ்சம் சுற்ற வேண்டும், கால் மணி நேரத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். சுற்றவே கூடாது என்று நான் ஒதுங்கி இருந்த ஐந்து மாதம்தான் என் நோயை வளர்த்தது.

மூன்றாவது, காவல் காப்பதை விடுவது. எனக்குக் கடினமாக இருந்தது இதுதான். பிபி மெஷினை அக்கா வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். நாடி பார்க்கக் கை போகும்போதெல்லாம் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டேன்.

காவிரிப் பாலத்தைச் சொல்லாமல் விட முடியாது. பஸ் போகும்போது பாலம் காலடியில் அதிரும். கீழே தண்ணீர் ஓடும், பக்கத்தில் வண்டிகள் ஓடும், நிலையாக இருப்பது எதுவுமில்லை. முதல் நாள் சிந்தாமணிப் பக்கமிருந்து இருபது அடி நடந்து திரும்பிவிட்டேன். கைப்பிடிச் சுவரைத் தொடக் கூடாது என்பது பயிற்சி. வாரத்துக்கு மூன்று மாலை போனேன். ஒரு நாள் பாதி, ஒரு நாள் கால்வாசி, நன்றாகத் தூங்காத நாளில் போகவே இல்லை. 2024 மே மாதம் மாம்பழச்சாலை வரை நடந்து போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி நடந்தே வந்தேன். ஆட்டம் இருந்தது. இருந்துகொண்டே நடந்தேன்.

இப்போதும் காய்ச்சல் வந்தால், தூக்கம் கெட்டால், பரீட்சைத் தாள் திருத்தும் வாரத்தில் அது எட்டிப் பார்க்கும். கோலம் போடுகிறேன், ஸ்கூட்டி ஓட்டுகிறேன்.

உங்களுக்கும் இதேதான் என்று நான் சொல்ல முடியாது. இரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, எழுந்து நிற்கும்போது பிபி இறங்குவது, ஒற்றைத் தலைவலியோடு வரும் சுற்றல், இவற்றை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தாயிற்று என்றால் அதையே ஊர் ஊராகப் போய்த் திரும்ப எடுக்காதீர்கள். ஆனால் முகம் கோணுவது, கை கால் பலம் இழப்பது, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, இதுவரை இல்லாத கடும் தலைவலி, திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது, நெஞ்சுவலியோடு மயங்கி விழுவது, இவற்றில் எது வந்தாலும் பதற்றம்தான் என்று நினைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவில் பயம் முற்றி யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, டெலி மனஸ், அரசு நடத்தும் இலவச எண், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓபியும் உண்டு.

வேலையை இப்போது விடாதீர்கள். வீட்டில் நாள் முழுக்கப் படுத்திருந்தால் உங்கள் மூளைக்குப் பழக எதுவுமே கிடைக்காது. முடியாத நாளில் அரை நாள் விடுப்பு கேளுங்கள், திரையைப் பார்ப்பதில் நடுநடுவே எழுந்து நடங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் குறித்துவையுங்கள்: படுத்தால் எப்படி, நின்றால் எப்படி, கூட்டத்தில் எப்படி, முதன்முதலில் எந்த நாள், என்ன நடந்த பிறகு. அந்த ஒரு தாளை ரிப்போர்ட் கட்டுக்கு மேலே வைத்துக் கொடுங்கள்.